மார்பகக் கட்டி: படமா, ஊசியா?

1955-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, இந்நாட்டின் சமுதாயம் சோஷலிஸ முறையைத் தழுவி அமைதல் வேண்டுமென்று தீர்மானித்தது. அத்தீர்மானத்தால் ஆவடி என்னும் சிற்றூரின் பெயர் தேசத்தின் சரித்திரத்தில் ஏறிவிட்டது. தீர்மானங்கள் பந்தலில் நிறைவேறுதல் எளிது; வீட்டு வாசலில் நிறைவேறுதலே அரிது. ஆவடியிலோ, அம்பத்தூரிலோ, பூவிருந்தவல்லியிலோ வாழும் ஓர் ஏழைத் தொழிலாளியின் மனைவி தன் மார்பில் ஒரு கட்டி தட்டுப்படக் காண்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அக்கட்டி இன்னதென்று அவள் திட்டமாய் அறிந்துகொள்ள எத்தனை நாள் ஆகிறது? ஆவடித் தீர்மானம் எவ்வளவு தூரம் நிறைவேறியிருக்கிறது என்பதை அளந்து பார்க்க இதனினும் நல்ல அளவுகோல் வேறொன்றில்லை என்பது நமது துணிபு.

ஸ்திரீகளின் தேகத்தைப் பற்றிய இவ்விஷயம் அரசியல் பேசும் இப்பக்கத்திற்கு ஏற்றதாகுமா என்று நேயர்களிற் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அன்னார்க்கு நாம் கூறும் விடை ஒன்றே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்மக்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டது என்றும், அதே ஆண்டில் 98 ஆயிரம் பேர் அந்நோயால் மாண்டனர் என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் கணித்திருக்கின்றனர். 2010 முதல் 2014 வரை இந்நோய் கண்டவருள் ஐந்தாண்டு கடந்தும் உயிருடன் இருந்தவர் அமெரிக்காவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். நமது நாட்டிலோ அறுபத்தாறு பேரே. நோய் ஒன்றே; மருந்தும் பெரும்பாலும் ஒன்றே. நமது பெண்கள் காலங்கடந்து வைத்தியரிடம் வருகின்றனர் என்பதே இவ்வேறுபாட்டிற்கு முதற் காரணம். நூற்றுக்கு இருபத்து நான்கு உயிர்களை வாரிக்கொள்ளும் ஒரு தாமதம் அரசியல் அன்றென்றால், பின் எதுதான் அரசியல்?

மயக்கம் எங்கே?

மார்பில் தோன்றும் கட்டிகளில் பத்தில் எட்டு புற்று அல்ல. இளம்பெண்களுக்கு உண்டாகும் உருண்டு வழுக்கும் நார்க்கட்டி, நீர் கோத்த பை, பால் கொடுக்கும் தாய்மார்க்கு உண்டாகும் சீழ்க்கட்டி, நமது நாட்டில் இன்றும் காணும் க்ஷயரோகக் கட்டி எனப் பலவகை உண்டு. ஆனால் எது எந்த வகையென்று கையால் தடவிச் சொல்லிவிட எவராலும் ஆகாது. அதைத் தெளிவதற்கு இக்காலத்து வைத்திய சாஸ்திரம் இரண்டு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று படம் பிடித்துப் பார்த்தல். மற்றொன்று ஊசியால் சிறிது சத்தை எடுத்துச் சோதித்தல்.

இவ்விரண்டில் எது மேல் என்னும் விவாதம் திண்ணைகளிலும் ரயில் வண்டிகளிலும் நடைபெறுகிறது. “ஸ்கேன் எடுத்தாயிற்று; பயமில்லை என்றார்கள்; ஊசி எதற்கு?” என்கிறார் ஒருவர். “ஊசி குத்தினால் சும்மா கிடக்கிற கட்டி கிளம்பிப் பரவிவிடும்” என்கிறார் மற்றொருவர். “இரண்டும் வீண், அறுத்து எறிந்துவிட்டால் தீர்ந்தது” என்கிறார் மூன்றாமவர். இம்மூவர் கூற்றும் பிழையென்று காட்டுவதே நமது நோக்கம்.

படம் சொல்வதும் சொல்லாததும்

1895-இல் ராண்ட்கன் பண்டிதர் எக்ஸ் கிரணங்களைக் கண்டறிந்தார். 1913-இல் பெர்லின் நகரத்து ரணவைத்தியர் ஸாலமன் என்பார், அறுத்தெடுத்த மார்பகங்களை அக்கிரணங்களால் படம் பிடித்து, புற்றின் சாயல் இன்னதென்று ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் வழியில் வளர்ந்ததே இன்றைய மாமோகிராம். மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே சற்று அழுத்தி, மேலிருந்து ஒன்றும் சாய்வாக ஒன்றுமாகப் படம் எடுப்பர். கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டியும், உப்புத்தூள் சிதறியது போன்ற சுண்ணாம்புப் பொடிகளும் அதில் தெரியும். அதனால் உடம்பில் ஏறும் கிரணத்தின் அளவு, நாம் நடமாடும் மண்ணும் வானமும் ஏழு வாரத்தில் நமக்குத் தரும் அளவேயாகும். ஆதலின் அதைக் குறித்து அஞ்சுவதற்கு இடமில்லை.

எனினும் அதற்கொரு குறையுண்டு. வயது முதிர்ந்த பெண்களின் மார்பகத்தில் கொழுப்பு மிகுந்திருக்கும். அது படத்தில் கருமையாய் விழும். அதனிடையே வெண்மையான கட்டி தெளிவாய்ப் புலப்படும். இளம்பெண்களின் மார்பகமோ அடர்ந்த திசுவால் ஆனது. அதுவும் வெண்மையாய் விழுதலின் கட்டி அதில் மறைந்துபோகும். பஞ்சு மூட்டையில் பஞ்சுருண்டையைத் தேடுவது போன்றதே அது. நோய்க்குறி தோன்றுமுன் எடுக்கும் மாமோகிராம் எட்டுப் புற்றில் ஒன்றைக் காணத் தவறுகிறதென்று அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தாரே ஒப்புகின்றனர். நமது பெண்களுக்கு இந்நோய் மேனாட்டாரைவிடப் பத்தாண்டுக்கு முன்னதாகவே வருகிறதாகலின், இக்குறை நமக்கு இன்னும் அதிகமாய் உறுத்துவதாம்.

ஆகையால் முப்பது வயதுக்குட்பட்டவர்க்கும் கருவுற்றவர்க்கும் முதலில் ஒலி அலைகளைக் கொண்டு பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனையே செய்கின்றனர். அதில் கிரணமில்லை, நீர்ப்பையா, கெட்டியான கட்டியா என்பதை அது உடனே பிரித்துக் காட்டும், ஊசி செல்ல வேண்டிய இடத்தையும் கண்ணெதிரே காட்டும். எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் மிக நுட்பமானது. ஆனால் செலவு பெரிது. தீதற்றதையும் தீதென்று காட்டி வீணே கலங்கச் செய்வதும் உண்டு. குடும்பத்தில் வழிவழியாய் இந்நோய் உள்ளவர் போன்ற சிலருக்கன்றி, கட்டி கண்ட எல்லோருக்கும் அது வேண்டுவதில்லை.

இனி, படம் பார்த்த வைத்தியர் தரும் அறிக்கையில் ஓர் இலக்கம் இருக்கும். அமெரிக்கக் கதிர்ப்பட வைத்தியர் கழகத்தார் வகுத்த அவ்வரிசையை பைராட்ஸ் என்பர். அந்த இலக்கத்தின் பொருளை நேயர்கள் அறிந்திருத்தல் நலம். 0 என்றால் இன்னும் படம் வேண்டும். 1 என்றால் குற்றமில்லை. 2 என்றால் தீங்கில்லாத கட்டி. 3 என்றால் பெரும்பாலும் தீங்கில்லாதது. புற்றாக இருப்பதற்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படாத வாய்ப்பு. 4 என்றால் சந்தேகத்திற்கு உரியது. 5 என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் புற்றே. 6 என்றால் ஊசியால் முன்னரே உறுதிப்பட்டது.

இவற்றுள் 4 என்னும் இலக்கத்தைச் சற்று உற்றுநோக்குவோம். நூற்றுக்கு இரண்டு முதல் தொண்ணூற்றைந்து வரையில் எங்கு வேண்டுமாயினும் இருக்கலாம் என்பது அதன் பொருள்! வைத்தியர்கள் அதனைத் தாழ்ந்தது, நடுத்தரமானது, உயர்ந்தது என்று மேலும் மூன்றாய்ப் பிரிப்பதும் உண்டு. அப்படிப் பிரித்த போதிலும் ஐயம் ஐயமே. படம் தன்னால் இயன்ற வரையில் சொல்லிவிட்டு, “இதற்கு மேல் ஊசியைக் கேள்” என்று கைகாட்டி நின்றுவிடுகிறது. அவ்வறிக்கையைப் பீரோவின் மேல் வைத்துவிட்டு, பொங்கல் போகட்டும், பெண்ணுக்குப் பரீக்ஷை முடியட்டும் என்று நாள் கடத்தும் வீடுகள் எத்தனை! படம் பிடித்ததே வைத்தியம் செய்துகொண்டதாகும் என்னும் மயக்கமே அத்தாமதத்திற்கு வித்து.

ஊசி இரண்டு வகை

ஊசிச் சோதனையும் புதியதன்று. 1930-இலேயே நியூயார்க்கு நகரத்து மார்ட்டின், எல்லிஸ் என்னும் இருவர், கட்டியிலிருந்து ஊசியால் அணுக்களை உறிஞ்சிச் சோதிக்கும் முறையை வெளியிட்டனர். எப்.என்.ஏ.சி. என்று இன்று வழங்குவது அதுவே. இரத்தம் எடுக்கும் ஊசி போன்ற மெல்லிய ஊசியைச் செலுத்தி, உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, பூதக்கண்ணாடியில் பார்ப்பர். செலவு குறைவு, நோவும் குறைவு, கைதேர்ந்த நிபுணர் இருப்பின் அன்றே முடிவு சொல்லலாம். நீர்ப்பையாயின் நீர் வடிந்து கட்டியே மறைந்துபோதலும் உண்டு. க்ஷயரோகக் கட்டியையும் பெரும்பாலும் இவ்வூசியே வெளிப்படுத்திவிடும்.

ஆனால் அவ்வூசியில் வருவன தனித்தனி அணுக்கள். செங்கற்களைக் கொண்டு வீடு இன்னவிதமாய் இருந்ததென்று எங்ஙனம் உரைப்பது? புற்று தன் எல்லைக்குள்ளேயே அடங்கியிருக்கிறதா, சுவரைத் துளைத்து வெளியே படர்ந்துவிட்டதா என்பதை அணுக்களைக் கொண்டு சொல்ல இயலாது. அதற்கென ஏற்பட்டதே கோர் பயாப்ஸி என்னும் இரண்டாவது முறை. மரத்துப்போகும் மருந்தை முதலில் செலுத்தி, சற்றுப் பருத்த ஊசியை வில்விசையால் இயக்கி, நெல்மணியைச் சற்று நீட்டினாற்போன்ற திசுத் துண்டுகள் சிலவற்றை எடுப்பர். இதில் செங்கல் மட்டுமன்று, சுவரே கிடைக்கிறது. புற்று எவ்வகையது என்பதோடு, ஈஸ்ட்ரஜன், ப்ரொஜெஸ்ட்ரோன் என்னும் சுரப்புநீர்களின் வினைக்கு அது கட்டுப்பட்டதா, ஹெர்-2 என்னும் புரதம் அதில் மிகுந்துளதா என்பவற்றையும் அத்துண்டிலேயே காணலாம். எந்த மருந்தை எந்த முறையில் கொடுப்பதென்பது இவற்றையே பொறுத்தது. ஆகவே புற்றென்று சந்தேகிக்கும் இடங்களில் வைத்தியர் பெரும்பாலும் இம்முறையையே விரும்புகின்றனர். முடிவு வரச் சில நாளாகும்; அவ்வளவே.

ஊசி குத்தினால் நோய் பரவும் என்னும் அச்சத்தைப் பற்றி இங்குக் கூறிவிடுவோம். ஊசி சென்ற தடத்தில் சில அணுக்கள் சிதறியிருத்தலை ஆராய்ச்சியாளர் கண்டதுண்டு, அதை மறைப்பானேன்? ஆனால் அதனால் நோய் மீண்டும் வருவதோ, மரணமோ அதிகப்பட்டதாகக் காணவில்லை. ஊசிக்கு அஞ்சிக் கட்டியை ஆறு மாதம் வளர விடுவதால் விளையும் கேடோ கண்கூடு. அறியாமையே நோயைப் பரப்புகிறது, ஊசி பரப்புவதில்லை.

இனி, ஊசியும் படமும் இன்றி நேரே அறுத்துவிடுதல் பற்றி ஒரு வார்த்தை. இன்னதென்று அறியாமல் அறுத்தபின் புற்றென்று தெரிந்தால், போதிய எல்லைவிட்டு எடுக்கவில்லையென்று மீண்டும் அறுக்க நேரும். முதலில் மருந்தால் சுருக்கிப் பின்னர் மார்பகத்தைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பும் நழுவிப்போகும். திட்டமின்றிக் கத்தி எடுத்தல், வேவு பாராமல் படையெடுத்தலை ஒக்கும்.

மூன்று சாட்சிகள்

அங்ஙனமாயின் படமா, ஊசியா? நீதிஸ்தலத்தில் ஒரே சாட்சியைக் கொண்டு தீர்ப்பளிப்பதுண்டா? கை, படம், ஊசி ஆகிய மூன்றும் மூன்று சாட்சிகள். பயின்ற வைத்தியர் கையால் சோதித்தது முதல் சாட்சி, படம் இரண்டாவது, ஊசி மூன்றாவது. இதை மும்முனைச் சோதனை என்பர். மூன்றும் ஒருமித்து நன்றென்றாலோ, மூன்றும் ஒருமித்துத் தீதென்றாலோ, அத்தீர்ப்பு பிழைபடுதல் நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. மூன்றில் ஒன்று மாறுபட்டால் விசாரணை முடியவில்லை என்று பொருள். படம் தீதென்று காட்ட, ஊசி நன்றென்று கூறினால், ஊசி கட்டியின் மையத்தைத் தொடாமல் போயிருக்கலாம். மறுபடியும் எடுத்தல் வேண்டும். “ஊசியில் ஒன்றுமில்லை” என்று களித்து வீடு திரும்புதல் தகாது.

வரிசை மாறுதலும் கூடாது. ஊசி குத்திய இடத்தில் இரத்தங்கட்டிப் படத்தை மயக்கக் கூடுமாகையால், படம் முதலிலும் ஊசி பின்னும் வருதல் முறை. படம் இடத்தைக் காட்டுகிறது. ஊசி இனத்தைக் காட்டுகிறது. ஒன்றையொன்று தள்ளும் பகைவரல்லர். ஒன்றையொன்று தாங்கும் தோழர்.

முதல் சாட்சியாகிய கையை அற்பமென்று எண்ணற்க. 1998-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் பம்பாயில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியார் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு நடத்திய பெரும் ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதார ஊழியப் பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தனர். நோய் முற்றுமுன் வெளிப்பட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் இந்நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது வீதம் குறைந்தது. அதனினும் இளையவரிடத்து மரணம் குறைந்ததாகக் காணவில்லை என்பதையும் கூறுவதே நேர்மை. இம்முடிவு 2021-இல் வெளியாயிற்று. முப்பது வயது முதல் அறுபத்தைந்து வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இத்தகைய சோதனை நடத்த வேண்டுமென்பது இந்திய சர்க்காரின் ஏற்பாடு. நமது ராஜ்யத்தில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் கீழ் ஊழியர்கள் வீடு தேடியே வருகின்றனர். கதவைத் தட்டும் அப்பெண்மணியை, “வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை” என்று வாசலிலிருந்தே அனுப்பிவிடும் ஆண்மகன், தான் செய்வது இன்னதென்று அறிவானாக.

பெண் அலைய வேண்டா, சீசா செல்லட்டும்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைக் கடந்து, சென்ட்ரல் ரயிலடிக்கு எதிரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் பக்கம் சென்று முடிகிறது. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால், அம்பத்தூரும் வில்லிவாக்கமும் பெரம்பூரும் கடந்து அதே இடத்தில் இறங்கலாம். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரந்தானே என்று தோன்றும். ஆனால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் தினக்கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்கு, கையால் சோதிக்க ஒருநாள், படத்துக்கு ஒருநாள், படத்தின் அறிக்கை வாங்க ஒருநாள், ஊசிக்கு ஒருநாள், முடிவு கேட்க ஒருநாள் என்றால், அது தூரமன்று. ஐந்து நாட் கூலி. மூன்றாவது நாளே அவள் நின்றுவிடின் குற்றம் அவளுடையதா?

உலக சுகாதார ஸ்தாபனத்தார் ஒரு வரம்பு கட்டினர். பெண் முதன்முதல் வைத்தியரிடம் வந்த நாளிலிருந்து அறுபது நாட்களுக்குள் நோய் இன்னதென்று நிர்ணயமாதல் வேண்டும். நோய் கண்டவருள் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேற்பட்டோரை முதலிரண்டு நிலைகளிலேயே கண்டுபிடித்தல் வேண்டும். எண்பதின்மர் சிகிச்சையை முற்றும் பெறுதல் வேண்டும் என்பது அது. அறுபது நாட்கள் தாராளமான தவணை. அதையும் கடத்துவோமாயின் நமக்குச் சொல்ல வாயில்லை.

இதற்கு வழி யாது? ஊசியில் எடுத்த திசுத் துண்டு பயணத்துக்கு அஞ்சுவதன்று. பார்மலின் என்னும் திரவத்திலிட்ட துண்டு, சுரப்புநீர்ச் சோதனைகளுக்கு ஆறு மணிக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணிக்கு மேற்படாமலும் அதில் ஊறியிருந்தால் போதும். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு அச்சீசா ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். எனவே பெண் அங்கேயே இருக்கட்டும். கை, ஸ்கேன், ஊசி மூன்றும் அவளூர் ஆஸ்பத்திரியில் ஒரே கூரையின் கீழ், கூடுமாயின் ஒரே நாளில் நடைபெறட்டும். சீசா மட்டும் நகரத்து நிபுணரிடம் செல்லட்டும். ஊர்தோறும் பெரிய ஆஸ்பத்திரி கட்டுதல் கோடிகளைக் கேட்கும் காரியம். சீசாவை ஒழுங்காய் அனுப்புதல் ஒழுங்கை மட்டுமே கேட்கும் காரியம்.

தேசபக்தர்கள் செய்யத்தக்கது

இத்துறையில் நமக்கு முன்னோடி இல்லாமலில்லை. புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி, சென்னைச் சட்டசபையில் உபதலைவராக வீற்றிருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், மகாத்மா காந்தி 1930-இல் சிறைப்பட்டபோது அச்சபையைத் துறந்து வெளியேறினார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை அவர் அழுது தீர்க்கவில்லை. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையமாக எழுப்பித் தீர்த்தார். அந்நிலையத்தில் டாக்டர் சாந்தா அம்மையார் 2021-இல் காலமாகும் வரையில் தொண்டாற்றினார். தேசபக்தி வேறு, பெண்களின் உடல்நலம் வேறு என்று முத்துலட்சுமி அம்மையார் ஒருபோதும் கருதியதில்லை. நாம் கருதுவதேன்?

ஆகவே அரசியல் ஊழியர்களுக்கு நமது கோரிக்கை இது. உங்கள் வார்டுக் கூட்டத்தில் சாலையையும் சாக்கடையையும் பற்றிக் கேட்கும்போதே, “நமது ஆஸ்பத்திரியில் மார்பகக் கட்டிக்கு ஸ்கேன் எந்தக் கிழமை, ஊசி எந்தக் கிழமை? இரண்டும் ஒரே கிழமையில் ஏன் கூடாது? ஊசியின் முடிவு எத்தனை நாளில் வருகிறது?” என்றும் கேளுங்கள். முடிவைத் தமிழில் எழுதிக் கொடுக்கவும், அடுத்து வரவேண்டிய தேதியை அத்தாளிலேயே குறிக்கவும் வற்புறுத்துங்கள். ஆலைகளில் தொழிற்சங்கம் நடத்துவோர், சோதனைக்குச் செல்லும் நாளுக்குக் கூலி பிடிக்கலாகாதென்று வாதாடுங்கள்.

வீட்டிலே செய்யத்தக்கது இன்னும் எளிது. மனைவியோ, தாயோ, தமக்கையோ கூச்சத்தை விட்டு, “ஒரு கட்டி தட்டுப்படுகிறது” என்று சொன்னால், அதைச் சொல்ல அவளுக்கு எத்தனை நாள் தைரியம் வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். மறுநாளே உடன் செல்லுங்கள். படத்தோடு திரும்பிவிடாதீர்கள். இந்நோய் நூற்றில் ஒருவர் வீதம் ஆண்களுக்கும் வருவதுண்டு. உங்கள் மார்பில் கட்டி கண்டாலும் வழி இதுவே.

ஆவடிப் பந்தலைப் பிரித்துப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அங்குச் செய்த தீர்மானம் இன்னும் முடிவுறாத ஒரு வேலை. ஒரு செல்வரின் மனைவிக்கு மூன்றே நாளில் கிடைக்கும் விடை, அத்தொழிலாளியின் மனைவிக்கும் அதே மூன்று நாளில் கிடைக்கும் அன்றே அது நிறைவேறிற்றென்று நாம் ஒப்புக்கொள்வோம்.